பிடி அரிசி போட்ட கைகளுக்கு

அன்புள்ள அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும், எங்கள் பிள்ளைகளுக்காக ஜெபித்தவர்களுக்கும், கூப்பிடும் முன்பே ஓடிவந்தவர்களுக்கும், சென்னையின் ஓரத்தில், குடிசை இழந்தவர்களை அரசு கொண்டுவந்து வைத்த பெரும்பாக்கம் எட்டு மாடிக் குடியிருப்பிலிருந்து வணக்கமும் ஸ்தோத்திரமும்.

இந்த வருஷம் எங்கள் மாலை வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு எழுதிய 11 பேரும் பாஸ். ரிசல்ட் வந்த அன்று லிஃப்டுக்குக்கூட நிற்காமல் ஆறு மாடி படியேறி வந்து என் கதவைத் தட்டினார்கள். மூச்சு வாங்கியதில் மார்க்கைச் சொல்லவே கொஞ்ச நேரம் ஆனது. ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்ல ஆசைதான். முடியாததால் இந்த மடல்.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் எங்கள் குடிசையை அடித்துக்கொண்டு போனது உங்களுக்குத் தெரியும். தட்டுமுட்டுச் சாமானோடு இங்கே வந்து இறங்கியபோது பள்ளிக்கூட வருஷம் முடியவில்லை. என் மகள் பழைய பள்ளிக்குப் போக இருட்டோடு பஸ் ஏறினாள். எதிர்வீட்டுத் தம்பி படிப்பையே நிறுத்திவிட்டான். வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு அந்த வேலையும் போனது. காலை ஏழு மணிக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டிய வீட்டுக்கு இங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவது? புது வேலை கேட்டுப் போனால் விலாசத்தைப் பார்த்துவிட்டு "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள்.

அந்த நாட்களில் அரிசியும் போர்வையும் கொண்டுவந்த எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கை நீட்டி வாங்குகிறவர் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். என் மாமியார் அன்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் அரிசி வாங்கினார்.

போதகர் ஐயா, நீங்கள் மூட்டை எதுவும் கொண்டுவரவில்லை. வராந்தாவில் எங்களோடு பாயில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன வேணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றீர்கள். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தை வாசித்துக் காட்டினீர்கள். போன ஊரிலேயே வீடு கட்டி, தோட்டம் போட்டு, அந்த ஊரின் சமாதானத்தைத் தேடச் சொன்ன கடிதம். எனக்கு அன்று அழுகைதான் வந்தது. இந்த ஊர் எனக்கு வேண்டாம் என்றே அதுவரை ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் என்றார் ஒருவர், பஸ் என்றார் இன்னொருவர். இரண்டு மணி நேரம் சத்தம் போட்டுப் பேசி, கடைசியில் பிள்ளைகள் சாயங்காலம் உட்கார்ந்து படிக்க ஒரு இடம் என்று முடிவானது. அடுப்பு, கட்டில், டிவி, ஐந்து பேர், எல்லாம் ஒரே அறையில் இருக்கும் வீட்டில் நோட்டை எங்கே விரிப்பது?

பணத்துக்கு வழி சொன்னவர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த பாட்டியம்மா. சோற்றுக்கு அரிசி அளக்கும்போதே ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனியாகப் போடுவது அவர் ஊர்ச் சபைகளில் பழைய வழக்கம். 40 வீடுகளில் டப்பா வைத்தோம். அதில் பாதிக்கு மேல் சபைக்கு வராத வீடுகள்.

முதல் சனிக்கிழமை டப்பாக்களைக் கவிழ்த்தபோது ரேஷன் புழுங்கலும் பச்சரிசியும் இட்லி அரிசியும் கொஞ்சம் குருணையுமாகக் கலந்து கிடந்தது. ஒரே உலையில் போட்டால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. என்ன செய்வதென்று விழித்தபோது, மாவுக்கடை அக்கா, நீங்கள்தான் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்து, "இதுக்கு ஏன் கவலை? உளுந்து நான் போடறேன், ஊறப்போட்டு அரைச்சுடலாம்" என்றீர்கள். அந்த வாரத்திலிருந்து கிரைண்டரும் கரண்டும் உங்களுடையது. தோசை மாவாக விற்ற காசில்தான் கரும்பலகை, டியூப்லைட், நோட்டு எல்லாம் வந்தன. உங்கள் நெற்றியில் குங்குமம், எங்கள் கையில் பைபிள். ஒரு நாளும் நீங்கள் அதைக் கணக்கில் வைக்கவில்லை அக்கா.

அம்மன் கோயில் விழாக் குழு அண்ணன்மாருக்கு: ஆடிக் கூழ் காய்ச்சும் அண்டாவை 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது கேட்டதும் தூக்கிக் கொடுத்தீர்கள். காய்கறி வண்டி பாய், விற்க வைத்திருந்த வெங்காயமும் தக்காளியும் நீங்கள் அப்படியே அதில் கொட்டினீர்கள். கரண்ட் இல்லாமல் மேல்மாடியில் மாட்டிக்கொண்ட வயதானவர்களுக்கு வாளியில் சோறு சுமந்து ஏறிய பையன்கள் எல்லோரும் வகுப்புப் பிள்ளைகள். அவர்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.

கணக்கு டீச்சர், இரண்டு பஸ் மாறி வருகிறீர்கள். மழை நாளில் நனைந்த செருப்போடு வாசலில் நின்று, பிள்ளைகள் வந்தாச்சா என்றுதான் முதலில் கேட்பீர்கள். உங்களுக்கு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. என் பெரிய மகள் கணக்கில் 92.

படிப்பை நிறுத்திய எதிர்வீட்டுத் தம்பி இப்போது தனித்தேர்வராக எழுதி முடித்துவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லித்தருகிறான். வகுப்புச் சாவி அவனிடம்தான் இருக்கிறது.

ஜூன் முதல் வாரம் வகுப்பு மறுபடி தொடங்குகிறது. சனிக்கிழமை டப்பா எடுக்க வருவோம். இந்த முறை உங்கள் கதவைத் தட்டப்போவது பாஸான அந்த 11 பேர். மார்க்கை அவர்கள் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடனும் ஜெபத்துடனும்,
ஆறாவது மாடியிலிருந்து உங்கள் சகோதரி