மனோபோக்களின் சாமியும் நிலமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் வாழும் மனோபோ மக்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவர்களுடைய பழைய வழிபாட்டைப் ‘பேய்ப் பயம்’ என்று இரண்டே வரியில் முடித்துவிட்டு, பாதிரிமார் வந்து அந்தப் பயத்தைப் போக்கினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த எனக்கே இது மனதுக்கு ஒப்பவில்லை.

‘புசாவ்’ என்னும் கெட்ட ஆவிகளுக்கு அவர்கள் பயப்படுவது உண்மைதான். துணை நிற்கும் ‘திவாத்தா’ என்னும் நல்ல ஆவிகளும் அவர்களுக்கு உண்டு. அவற்றோடு பேசுபவர் பைலான். ஆணும் ஆகலாம், பெண்ணும் ஆகலாம். நோய் கண்டால் பைலானைத்தான் தேடுவார்கள். காட்டைத் திருத்தி நெல் விதைக்கும் முன் அங்கே குடியிருக்கும் ஆவிகளிடம் அனுமதி கேட்க வேண்டும். வெற்றிலை பாக்கு வைப்பார்கள், கோழியோ பன்றியோ பலி கொடுப்பார்கள். கேட்காமல் பெரிய மரத்தில் கை வைக்கத் துணிய மாட்டார்கள். காட்டை இவ்வளவு மரியாதையோடு நடத்தும் ஒரு வழிபாட்டை வெறும் பயம் என்று எப்படிச் சொல்வது?

மிண்டனாவோவின் அகுசான் ஆற்றுப் பக்கம் 1870-களின் இறுதியில் சத்தூர்னினோ உரியோஸ் முதலிய இயேசு சபைக் குருக்கள் ஞானஸ்நானம் கொடுத்ததோடு நிற்கவில்லை. சிதறி வாழ்ந்த குடும்பங்களை ஆற்றோரம், கோயிலைச் சுற்றி அமைத்த புது ஊர்களுக்கு இறக்கினார்கள். ஸ்பானிய அரசுக்கும் அது வசதியாக இருந்தது. பலர் மலைக்கே திரும்பி ஓடினார்கள். இயேசுவைப் பிடிக்காமல் ஓடினார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் சாமி அந்தக் காட்டில் இருந்தது, சோறும் அங்கேதான் இருந்தது. மிஷன்கள் செய்த பெரிய பிழை இந்த இடமாற்றம்தான் என்பது என் கருத்து.

1953-க்குப் பின் வந்த மொழியியல் மிஷனரிகள் மனோபோ மொழிகளில் பைபிளோடு அகராதியும் உண்டாக்கினார்கள். அது நல்ல காரியம், மறுக்கவில்லை.

ஆனால் நீங்கள் அவசியம் சொல்லியிருக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு: ஃபௌஸ்தோ தென்தோரியோ. இத்தாலியக் குரு. மிண்டனாவோவிலுள்ள அராக்கான் பகுதியில் மனோபோக்களின் பூர்வீக நிலத்துக்காக நின்றார், சுரங்கங்களை எதிர்த்தார், பிள்ளைகளின் படிப்புக்கு உதவினார். 2011 அக்டோபர் 17 அன்று தம் பங்கு வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பழங்குடிகளின் பூர்வீக நில உரிமைக்கு 1997-லேயே சட்டம் வந்துவிட்ட நாட்டில் இது நடந்தது.

மனோபோக்களில் இன்று ஏராளமானோர் கிறிஸ்தவர்கள். அடுத்த இதழிலாவது அவர்களில் ஒருவரும், முடிந்தால் ஒரு பைலானும் தங்கள் வாயாலேயே பேசுவதை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, நாகர்கோவில்