‘இலவச வீடு’ என்று எழுதாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

வன்னியின் மீள்குடியேற்ற வீடமைப்பைப் பற்றி எழுதுவோரும் மேடைகளில் பேசுவோரும் ‘இலவச வீடு’ என்ற சொல்லை இன்றும் தயக்கமின்றிப் பயன்படுத்தி வருகின்றனர். கிளிநொச்சி நகரின் ஓரத்தில், கூலித் தொழிலாளர் குடியிருப்பொன்றில் அத்தகைய வீட்டிலே வசிப்பவன் என்ற முறையில், அந்தச் சொல் எமது ஊரின் வரலாற்றைப் பிழையாகச் சொல்கின்றது என்பதைத் தெரிவிக்க விரும்புகின்றேன்.

எமது ஊரவரிற் பெரும்பாலோர் 1977ஆம் ஆண்டு தமிழருக்கு எதிரான வன்செயலின் பின்னர் மலையகத் தோட்டங்களை விட்டு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். இரணைமடுக் குளத்தை நம்பி 1930களில் உருவான குடியேற்றங்களில் வயற்காணியும் அனுமதிப்பத்திரமும் வழங்கப்பட்டிருந்தன; எம்மவர்களோ அந்த வயல்களில் நாட்கூலிக்கு நாற்று நட்டு, களை பிடுங்கி, அருவி வெட்டியபடி, பத்திரம் எதுவுமில்லாத நிலத்தில் ஓலைக்கொட்டில் போட்டு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். போர் முடிந்து திரும்பியபோது எஞ்சியிருந்தது கிணறு மட்டுமே.

வடக்கு கிழக்கு மக்களுக்காக 50,000 வீடுகளுக்கு உதவுவதாக இந்திய அரசு 2010இல் அறிவித்தது. 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி தொடங்கிய பெருங்கட்டத்தில், பயனாளியே வீட்டைக் கட்டுவது என்பதுதான் ஏற்பாடு. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா. அதுவும் அத்திவாரம், சுவர், கூரை என வேலை முடிந்த அளவைப் பார்த்தே வங்கிக் கணக்குக்கு வந்தது. அடுத்த தவணை வரும்வரை மேசனுக்குக் கூலி கொடுக்கவும் சீமெந்து இறக்கவும் அவரவரே வழி தேட வேண்டியிருந்தது.

எமது வீட்டுக்கு அம்மாவின் தோடு போனது. பகலிற் கூலிவேலைக்குப் போய் வந்து, இரவில் நிலவு வெளிச்சத்தில் நானும் தம்பியும் சீமெந்துக்கல் அரிந்தோம். அவை காய்ந்து வெடிக்காதபடி விடியமுன் கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி ஊற்றியவர் அம்மாதான். முன்சுவருக்கு இன்னும் பூச்சுப் பூசவில்லை. மழைக்காலத்தில் அந்தக் கற்களின் மேல் ஈரம் ஏறும்போது, இதற்கு யார் உழைத்தார்கள் என்பதை எவரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. அயலில் ஒரு குடும்பம் கதவு நிலைக்காக வாங்கிய கடனை நீண்ட காலம் வாரந்தோறும் கட்டி வந்தது.

உதவியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அது இல்லாவிட்டால் தகரக்கொட்டிலிலேயே இருந்திருப்போம் என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கின்றேன். ஆயினும் பயனாளித் தெரிவில் ஒரு குடும்பத்திலே தங்கி வாழ்வோரின் தொகைக்கேற்பப் புள்ளி வழங்கப்பட்டமையால், எமது ஊரிலே பிள்ளைகளைப் போரில் பறிகொடுத்துத் தனித்துப்போன முதியோர் சிலர் பட்டியலில் பின்தள்ளப்பட்டனர்; காணிப்பத்திரம் இல்லாதவர்களும் அவ்வாறே அலைக்கழிந்தனர். எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தது என்று எழுதப்படும்போது இவர்களும் சேர்த்தே மறைக்கப்படுகின்றனர்.

எனவே ‘உதவி பெற்றுக் கட்டிய வீடு’ என்று தங்கள் பத்திரிகையாவது எழுத வேண்டுமெனக் கேட்டுக்கொள்கின்றேன். எமது ஊரில் முதன்முதலிற் காடு வெட்டியவர்களிற் சிலரே இன்று உயிருடன் உள்ளனர். அவர்களின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்யத் தங்கள் செய்தியாளர் ஒருவர் வருவாராயின், வீடு வீடாக அழைத்துச் செல்ல நான் ஆயத்தமாக இருக்கின்றேன்.

இங்ஙனம்,
குடியிருப்பாளர் ஒருவர்,
கிளிநொச்சி.