ஊர்ப் புத்தகத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊரவர்களுக்கும், கடல் கடந்திருக்கும் உறவுகளுக்கும், பக்கத்து ஊர்ச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

வைகாசிச் சடங்கு வாரத்தில் எங்கள் ஊர்ப் புத்தகம் கண்ணகி அம்மன் கோயில் முன்றலில் வெளியானது உங்களில் பலருக்குத் தெரியும். அன்றைக்கு மேடையில் கோயில் நிர்வாகியான வண்ணக்கருக்கும் அதிபருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் நன்றி சொன்னோம். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, அதை மேடையில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் இந்த மடல். உதவியவர்களில் பலர் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். எனவே யாருடைய பெயரையும் எழுதவில்லை. வாசிக்கும்போது அவரவருக்கு விளங்கும்.

வெளியூர் ஆட்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில், ஆரையம்பதிக்குத் தெற்கே கல்முனை வீதியோரம் இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் மணல். 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளி கூரைகளையும் தென்னைகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனது. பெட்டகங்களில் இருந்த ஏடுகளும் கடிதங்களும் அன்றைய மழையில் ஊறிக் கூழாகிவிட்டன. பிறகு யுத்தம், ஓட்டம், திரும்பி வருதல், மறுபடியும் ஓட்டம். அதிலும் தப்பியதை 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எடுத்துக்கொண்டது. புத்தகம் எழுதலாம் என்று இருந்தபோது, பழைய படம் என்றோ கடதாசி என்றோ எடுத்துக் காட்ட ஊருக்குள் அநேகமாக ஒன்றுமே இருக்கவில்லை. எங்கள் ஊரின் கதை முழுக்க வேறு ஆட்களின் வீடுகளில்தான் இருந்தது. அதை எறியாமல் வைத்திருந்து, கேட்டவுடன் எடுத்துத் தந்தவர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

காணி உறுதிகளில் இருந்து தொடங்குகிறேன். சுனாமிக்குப் பிறகு, கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அறிவித்தார்கள். ஊர் அப்படியே வீதிக்கு மேற்கே நகர்ந்துவிட்டது. பழைய ஊர் இருந்த இடத்தில் இன்றைக்குச் சவுக்கு மரங்கள் நிற்கின்றன. எந்த ஒழுங்கை எங்கே போனது, வாசிகசாலை எந்த மூலையில் இருந்தது, நல்ல தண்ணிக் கிணறு யாருடைய வளவில் இருந்தது என்பதெல்லாம் இருபது வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியாது. காணிப் பதிவகத்தில் பொறுமையாகப் பழைய பிரதிகளைத் தேடித் தந்த ஊழியர்களுக்கும், காலமான ஒரு நொத்தாரிசு ஐயாவின் குடும்பத்துக்கும் கைகூப்பி நன்றி. அந்த வீட்டு அம்மா ஒரு அலுமாரியையே எங்களுக்குத் திறந்துவிட்டு, தேத்தண்ணியும் ஊற்றித் தந்தார்.

உறுதியில் எழுதியிருக்கும் முறை உங்களுக்குத் தெரியும். வடக்கு இன்னாருடைய வளவு, கிழக்கு கடற்கரை, தெற்கு ஒழுங்கை, மேற்கு தெரு, இதனுள் அடங்கிய வீடு, கிணறு, தென்னை மற்றும் பயன்தரு மரங்கள். ஒருவருடைய வடக்கு எல்லை இன்னொருவருடைய தெற்கு எல்லை. இப்படி ஒன்றோடொன்று பொருத்திப் பொருத்தி, கடற்கரையோரம் இருந்த முழு ஊரையும் ஒரு பெரிய தாளில் கீறி எடுத்துவிட்டோம். கணிதம் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் அளவுத்திட்டம் பிசகாமல் அதைக் கீறித் தந்தார். புத்தகத்தின் நடுவில் மடித்து வைத்திருக்கும் வரைபடம் அதுதான்.

உறுதிகளைப் புரட்டப் புரட்ட இன்னொன்றும் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும், மாப்பிள்ளைதான் வீடு மாறி வருவார். ஆகவே ஒரு வளவின் உறுதியைப் பின்னோக்கி வாசித்தால் மகள், தாய், அம்மம்மா, அவருடைய தாய் என்று பெண்களின் பெயர்களாகவே வரும். பழைய அரசாங்கப் பதிவுகளில் ஊர் என்றால் உடையாரும் விதானையாரும்தான். கருவாடு காயவைத்து, கிடுகு பின்னி, சீட்டுக் கட்டிக் குடும்பத்தை நிமிர்த்திய பெண்களின் பெயர் வேறெங்கே எழுதியிருக்கிறது? புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இந்தப் பெண்களின் பெயர் வரிசைதான்.

அடுத்தது காத்தான்குடி நானாவுக்கு. அவருடைய வாப்பா எங்கள் கரையில் மீன் எடுத்த வியாபாரி. விடியப்புறம் சைக்கிளில் வந்து, மீன் வாடியில் குந்தியிருந்து, வலையின் மடி கரைக்கு வந்ததும் விலை பேசி எடுத்துப் போவார். அவர் எழுதி வைத்த கணக்குக் கொப்பிகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. எந்தத் தோணி, யாருடைய வலை, என்ன மீன், எவ்வளவு கடன் என்று நாள் தவறாமல் எழுதியிருக்கிறார். கீரி, சூடை, பாரை, நெத்தலி என்று வரிசையாகப் போகும். இடையிடையே, “கடல் பெரிசு, தோணி இறங்கவில்லை” என்று ஒரு வரி. சூறாவளி வந்த கார்த்திகைக்குப் பிறகு பக்கங்கள் வெறுமையாகவே கிடக்கின்றன. மறுபடி எழுத்துத் தொடங்குவது தை மாதத்தில். அந்தப் பக்கத்தில் “முதல் மீன்” என்று மட்டும் எழுதி, கீழே கோடு போட்டிருக்கிறார். விலை எழுதவில்லை. அன்றைக்குக் காசு வாங்கவில்லையா, கொடுக்கவில்லையா என்று கேட்டோம். நானா சிரித்துவிட்டு, “அதெல்லாம் வாப்பாக்கும் உங்கட ஆக்களுக்கும் இடையில உள்ள விஷயம்” என்றார்.

இந்தக் கொப்பிகளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தமிழர், முஸ்லிம்கள் என்ற இரண்டு சமூகமும் ஒன்றையொன்று கண்டு பயந்து, வீதியில் போக்குவரத்தே நின்றுபோன வருஷங்கள் இருந்தன. அந்த வருஷங்களிலும் அந்தத் தகரப் பெட்டி அந்த வீட்டு அறைக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. எங்கள் ஆட்களின் கடன் கணக்கு எழுதிய கடதாசியை எரித்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? நானா, உங்களுக்கும் உங்கள் வாப்பாவுக்கும் இந்த ஊர் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறது.

கரைவலை பற்றிய பகுதிக்கு உதவிய பெரியவர்கள் எல்லோரும் எண்பதை நெருங்கியவர்கள். இப்போது வள்ளமும் என்ஜினும் வந்து, கரைவலை குறைந்துவிட்டது. வலை வளைக்கும் கரைப் பகுதியைப் பாடு என்போம். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பெயர் இருந்தது, எந்த வலை எந்தப் பாட்டில் எந்த முறைக்கு இறங்க வேண்டும் என்ற ஒழுங்கும் இருந்தது. அதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டு, தோணி வளைவாகப் போய் வலையை இறக்கிக்கொண்டே மறுபக்கம் கரைக்கு வரும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் கரைக்கடல் அடங்கிக் கிடக்கும், அது வலைக் காலம். வாடை தொடங்கினால் வலை ஏறிவிடும், வாவியில் வீச்சுவலையும் அத்தாங்கும்தான் சோறு போடும்.

வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை ஒலிப்பதிவு செய்யக் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் வந்தார்கள். மூத்த பெரியவரைக் கதிரையில் இருத்திப் பாடச் சொன்னால், இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, “பாட்டு வாயில இல்ல மனே, கயித்திலதான் இருக்கு” என்றார். சரி என்று அடுத்த கிழமை எல்லோருமாகக் கரைக்குப் போய், ஊர்ப் பெடியன்களை மறுமுனையில் நிறுத்தி, ஒரு கயிற்றை அவர் கையில் கொடுத்தோம். குதிக்கால் மணலில் புதைந்தது, தோள் பின்னுக்குச் சாய்ந்தது, பாட்டு வந்தது. எடுத்துக் கொடுப்பது அவர், பின்பாட்டு மற்ற எல்லோரும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கவே இல்லை. நடுவில் கரையில் நின்ற பெண்கள் வாய் மூடிச் சிரித்த வரிகள் சிலவும் உண்டு. அவற்றையும் வெட்டாமல் அப்படியே பதிந்து வைத்திருக்கிறோம். வெயிலில் நின்று எழுதி எடுத்த மாணவர்களே, உங்கள் விரிவுரையாளர் இதற்கு எவ்வளவு புள்ளி போட்டாரோ தெரியாது, ஊர் உங்களுக்கு முழுப் புள்ளி போட்டிருக்கிறது.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைச் சொந்தங்களுக்குத் தனியாக நன்றி. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும் வரை பாதை என்ற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டியிருந்தது. அறுவடை முடிந்தால் எங்கள் கருவாடு அங்கே போகும், அங்கேயிருந்து நெல் மூட்டையும் தயிர் முட்டியும் இங்கே வரும். கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போனால் எந்த வீட்டில் தங்குவது என்பது தலைமுறை தலைமுறையாகத் தீர்ந்துபோன விஷயம். 2004இல் உடுத்த துணியோடு வந்த எங்களைக் கூட்டிக்கொண்டு போய், மாதக்கணக்கில் சோறு போட்டதும் அதே வீடுகள்தான். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டுகிற காலத்தில் மட்டும் இரண்டு கரைக்கும் சண்டை வரும். மாரித் தண்ணீரில் வயல் அழுகுது, வெட்டு என்பார்கள் அவர்கள். வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும், பொறு என்போம் நாங்கள். இந்தச் சண்டையின் கதையை எங்கள் பக்கத்து நியாயத்தோடு மட்டும் எழுதாமல், அக்கரைப் பெரியவர்கள் சொன்னபடியும் போட்டிருக்கிறோம். ஒளிவுமறைவில்லாமல் சொன்னதற்கு நன்றி.

படங்கள் வந்தது கனடா, சுவிஸ், லண்டன், நோர்வே என்று நாலு திசையிலிருந்தும். கல்யாண அல்பங்கள்தான் அதிகம். பொம்பிளை மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டிய படத்தில் நாங்கள் பின்னால் தெரிகிற மதிலையும் கிணற்றுத் துலாவையும் பார்த்துக்கொண்டிருந்தோம். வாசிகசாலையின் முன்பக்கம் ஒரேயொரு படத்தில்தான் கிடைத்தது, அதுவும் ஒரு மச்சாளின் சேலைத் தலைப்புக்குப் பின்னால்.

பாடசாலை விளையாட்டுப் போட்டிப் படம் ஒன்று நோர்வேயில் இருக்கும் அக்கா அனுப்பியது. வெள்ளை உடுப்பில் வரிசையாகப் பிள்ளைகள் நிற்கிற படம். திரையில் போட்டு ஊரவர்களிடம் பெயர் கேட்டு எழுதிக்கொண்டிருந்தோம். மூன்றாவதாக நிற்கும் பிள்ளையை ஒரு பெரியம்மா அடையாளம் சொன்னார். அந்தப் பிள்ளையின் மகன் அங்கேதான், எங்களுடைய கணினிக்கு முன்னால், படங்களை ஸ்கேன் செய்துகொண்டிருந்தார். 2004இல் அவர் கைக்குழந்தை. தாயின் படம் ஒன்றுகூட அவர் பார்த்ததில்லை. படத்தைப் பெரிதாக்கினார். இரட்டைப் பின்னல், ஒரு பக்க நாடா அவிழ்ந்து தொங்குகிறது, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். பெரியம்மா அவருடைய தலையைத் தடவி, “உன்ட நெத்திதான் மனே” என்றார். நோர்வே அக்கா, படம் அனுப்ப நேரமாகிவிட்டது என்று வருத்தப்பட்டீர்களே, நீங்கள் அனுப்பியது என்ன என்று இப்போது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதினேன். இதை எழுத அந்தத் தம்பியும் சம்மதம் தந்தார்.

மட்டக்களப்பின் வரலாறு என்றால் 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, 1638இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர், பிரித்தானியர் காலத்தில் வந்த கல்லடிப் பாலம் என்று எழுதிப் பழகிவிட்டோம். அவை எல்லாம் உண்மைதான், அவற்றுக்கும் ஒரு பக்கம் கொடுத்திருக்கிறோம். ஆனால் கொம்புகளைக் கொளுவி இழுக்கும் கொம்புமுறி விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து நின்றதற்கு நாங்கள் பதினைந்து பக்கம் கொடுத்திருக்கிறோம். அது சரியான அளவு என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். இரண்டு சேரியிலும் கொம்பு கட்டிய பெரியவர்கள் இருவரும் ஒரே வாங்கில் இருந்து, எந்தச் சேரி வென்றது என்று கடைசிவரை ஒத்துக்கொள்ளாமலே கதை சொன்னார்கள். இரண்டு முடிவையும் அச்சடித்திருக்கிறோம்.

மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன். அம்மன் சடங்கில் பாடும் குளிர்த்திப் பாட்டு ஏட்டைப் படியெடுக்க அனுமதித்த கோயில் பூசகர் கட்டாடியாருக்கு, பழைய கும்பாபிஷேக மலர்களையும் பாடசாலை மலர்களையும் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் நூலகம் நிறுவனத்தாருக்கு, மீன் ஆணமும் மாசிச் சம்பலும் சமைத்துக் காட்டிக்கொண்டே பக்குவம் சொன்ன பெத்தாமாருக்கு, ஒப்புநோக்கிய தமிழ் ஆசிரியருக்கு, அச்சுச் செலவுக்குச் சீட்டுக் காசை அப்படியே தந்த மாதர் சங்கத்துக்கு, சங்கக் கட்டடத்தைத் திறந்துவிட்ட மீனவர் சங்கத்துக்கு மனமார்ந்த நன்றி.

படங்களும் உறுதிகளும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கப்படுகின்றன. நேரில் தந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் மீனவர் சங்கக் கட்டடத்துக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து அல்பம் அனுப்பியவர்களுக்குத் தபாலில் விடுவதில்லை, ஊருக்கு வந்து போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புகிறோம். நானாவின் தகரப் பெட்டியை வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு நாங்களே கொண்டு போகிறோம். வரைபடத்தில் எல்லை பிசகியிருப்பதாக யாராவது கண்டால், அல்லது விடுபட்ட கரைவலைப் பாடு ஒன்றின் பெயர் ஞாபகம் வந்தால், சங்கத்தில் வைத்திருக்கும் கொப்பியில் எழுதிவிடுங்கள். இரண்டாம் பதிப்பில் சேர்த்துக்கொள்வோம்.

அன்புடன்,
ஊர்ப் புத்தகக் குழுவுக்காக