விரிப்புகளை அலசித் தந்தவருக்கும் மற்ற எல்லோருக்கும்

ஊத்தங்கரை மக்களுக்கும், மத்தூர், சிங்காரப்பேட்டை, பர்கூர் பக்கமிருந்து ஓடி வந்தவர்களுக்கும் வணக்கம்.

டிசம்பர் முதல் தேதி இரவில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையை நம் தலையில் கொட்டியதையும், வண்டிகள் அடித்துக்கொண்டு போனதையும் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்துவிட்டது. எங்கள் யோகா வகுப்பு நடந்துவந்த வீடு எந்தக் கோலத்தில் இருந்தது என்பதும் ஊருக்குத் தெரியும். பாதிப் பேர் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுத்தானே போனீர்கள்! மார்கழி முதல் நாள் வகுப்பு மீண்டும் தொடங்குகிறது. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும். வகுப்பு சூடு பிடித்துவிட்டால் என்னால் உட்கார்ந்து எழுத முடியாது.

முதலில் மொத்தமாகச் சிலருக்கு. முழங்கால் சேற்றில் நின்று வாரிப் போட்ட தூய்மைப் பணியாளர்களுக்கு. கம்பத்தில் ஏறி நின்றபடியே டீ குடித்த மின்வாரிய ஊழியர்களுக்கு. சோறு, பால், போர்வை என்று எது கிடைத்ததோ அதை வண்டியில் ஏற்றி அனுப்பிய முகம் தெரியாதவர்களுக்கு. புது இடம் கிடைக்கும்வரை மாடியை வாடகை பேசாமல் திறந்துவிட்ட மண்டபக்காரருக்கு. என் சான்றிதழ்களை ஒவ்வொரு தாளாகப் பிரித்து மின்விசிறிக் காற்றில் உலர்த்திக் கொடுத்த எதிர்வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு. உங்கள் எல்லோருக்கும் கை கூப்புகிறேன். தனித்தனியாக எழுதினால் இந்த மடல் பஞ்சாயத்து நோட்டீஸ் ஆகிவிடும்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வகுப்புக்குப் பக்கத்தில் லாரிகளுக்கு வாட்டர் சர்வீஸ் செய்கிற பட்டறைக்காரர் அவர். அவருக்கும் எங்களுக்கும் அதுவரை இருந்த உறவு ஒன்றே ஒன்றுதான். விடியற்காலையில் எங்கள் ஆட்கள் அவர் பட்டறை வாசலை மறித்து ஸ்கூட்டரை நிறுத்துவார்கள். அவர் சத்தம் போடுவார். சவாசனத்தில் படுத்திருப்பவர்கள் அந்தச் சத்தத்தில் ஒரு கண்ணைத் திறந்து, தங்கள் வண்டி இல்லை என்று தெரிந்ததும் மறுபடி மூடிக்கொள்வார்கள்.

விரிப்புகளை நான் குப்பைக்குத்தான் ஒதுக்கி வைத்திருந்தேன். நுரை விரிப்பு சேற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டால் எருமைக்கன்றின் கனம் கனக்கிறது. ஒன்றைத் தூக்கி வாசலில் போடுவதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது. ஜமுக்காளங்கள் இன்னும் மோசம். மின்சாரம் வந்த மறுநாள், குப்பை வண்டிக்காகக் காத்திருந்தபோது அவர் வந்து குவியலைப் பார்த்தார்.

"இதையெல்லாம் ஏன் எறிகிறீர்கள் டீச்சரம்மா? லாரியையே கழுவுகிறோம், பாயைக் கழுவ மாட்டோமா?"

நான் பதில் சொல்வதற்குள் பட்டறைப் பையனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டார்.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். லாரிச் சக்கரத்துச் சேற்றைப் பெயர்க்கிற வேகத்தில் தண்ணீரை அடித்தால் நுரை பிய்ந்துவிடும். முதல் விரிப்பின் ஓரத்தில் ஒரு சாண் அளவுக்கு அடித்துப் பார்த்தார், மேல்தோல் உரிந்தது. உடனே நிறுத்தி, முனையில் இருந்த, தண்ணீர் பீய்ச்சும் கன்னைக் கழற்றி, குழாய் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்து, தண்ணீர் பரவலாக விழும்படி செய்துகொண்டார். ஒவ்வொரு விரிப்பிலும் முதலில் மூலையைத்தான் அலசினார். அங்கேதான் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதி வைத்திருப்போம். "பெயர் போய்விட்டால் நாளைக்கு உங்களுக்குள்ளே சண்டை வரும்" என்றார். பிறகு பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை மேலே வைத்து அழுத்தி உருட்டினார். பழுப்புத் தண்ணீர் ஓரமாக ஓடியது. தெளிந்த தண்ணீர் வரும்வரை விடவில்லை. வெயிலில் போட்டால் வெடித்துவிடும் என்று, தார்ப்பாய் கட்டும் கயிற்றைப் பட்டறைக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி நிழலில் தொங்கவிட்டார். அன்றைக்கு வாசலில் இரண்டு லாரிகள் காத்திருந்தன. காசு பற்றி நான் வாயைத் திறந்தபோது, "உங்கள் ஆட்களை வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள், அது போதும்" என்று முடித்துவிட்டார். (வகுப்புக்கு வருகிற அனைவருக்கும்: இதைப் படித்துவிட்டீர்கள் அல்லவா?)

மூலையில் பெயர் தெரியத் தெரிய, சத்தமாகப் படித்துப் பையனிடம் வியந்துகொண்டிருந்தார். ஊரில் யார் யார் காலையில் இந்த வேலை செய்கிறார்கள் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொரு பெயருக்கும் என்னிடம் ஒரே கேள்விதான்: "இவர் எதற்கு வருகிறார்?"

பெயர்களை விட்டுவிட்டுக் கதைகளை மட்டும் இங்கே சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கிருஷ்ணகிரிக்கும் திருவண்ணாமலைக்கும் பேருந்து ஓட்டுகிறவர், கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணாடியை மட்டும் நம்பி ஓட்டுவதாக நடத்துனர் கிண்டல் செய்ததால் வந்தார். அஞ்சல் நிலையத்து அம்மாவைச் சர்க்கரை அனுப்பிவைத்தது. தையல் கடைக்காரிக்குத் தோள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரை அவர் மனைவி இழுத்து வந்தார். அந்த அம்மாள் ஒரு வாரத்தில் நின்றுவிட்டார், இவர் இன்னும் வருகிறார். காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகிய பெண், மூச்சு வாங்குவதைச் சரிசெய்ய வந்து, தேர்வெல்லாம் முடிந்த பிறகும் தங்கிவிட்டாள். ஒருவர் மட்டும் ஜூன் 21 கூட்டத்தில் படம் எடுத்துக்கொள்ள வந்து மாட்டிக்கொண்டவர். ஐ.நா. சபை 2014-ல் அந்த நாளை யோகா தினமாக அறிவித்ததிலிருந்து வருடா வருடம் ஒரு காலைப் பொழுதுக்கு எங்களுக்கும் பெருங்கூட்டம் வருகிறது. மறுநாள் காலை திரும்பி வருகிறவர் அபூர்வம். அதனால் அவர் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

முக்தி தேடி யாரும் வரவில்லையா என்று பட்டறைக்காரர் கேட்டார். இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. நானும் அப்படி வந்தவள் இல்லை.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்த என்னை, பக்கத்து வீட்டு அக்கா மனவளக்கலை மன்றத்துக்குக் கூட்டிப்போனார். கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-ல் பிறந்த வேதாத்திரி மகரிஷி வகுத்த எளிய முறை உடற்பயிற்சியை அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சு, கண், மகராசனம் என்று வரிசையாகப் போகும். புடவையோடு செய்யலாம், பிள்ளையை ஓரத்தில் தூங்கவைத்துவிட்டுச் செய்யலாம். அதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஆசனங்கள் பிறகு வந்தன. பட்டயப் படிப்பு அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான், தொலைநிலைக் கல்வியில், ராத்திரி அடுப்படி வேலை முடித்த பிறகு.

சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. எனக்குக் கற்றுக்கொடுத்த அம்மா, மகளுடைய பிரசவத்துக்காகத் திருப்பத்தூர் போக வேண்டியிருந்தது. சாவியை என் கையில் கொடுத்து, "நான் வரும்வரை நீ பார்த்துக்கொள்" என்றார். முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது, எனக்கு வலது இடதுகூடத் தெரியாது என்று. எதிரே நிற்பவர்கள் கண்ணாடியில் பார்ப்பவர்களாக நம்மைப் பின்பற்றுவார்கள். நாம் இடது கையைத் தூக்கிக்கொண்டே "வலது கையை உயர்த்துங்கள்" என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தார்கள், கூடமே சிரித்தது. அந்த அம்மா பேரனைப் பார்த்த சந்தோஷத்தில் திருப்பத்தூரிலேயே தங்கிவிட்டார். சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

யோகாவில் பெரியவர்கள் கதையும் ஏறக்குறைய இதுதான். நம் கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையைத் தாண்டினால் கோலார் மாவட்டம். அங்கே பெல்லூரில் 1918-ல் பிறந்த யோகா ஆசிரியர் பி.கே.எஸ். அய்யங்கார், சிறுவயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாக அனுபவித்தவர். மைசூரில் யோகா சொல்லிக்கொடுத்த அக்காள் கணவர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் யோகாவைத் தொட்டார். 1937-ல், இருபது வயதுகூட நிரம்பாத பிள்ளையைப் புனேவுக்கு ஆசிரியராக அனுப்பிவிட்டார்கள். தன் உடம்பு படிந்து வராத கஷ்டம் அவருக்குத் தெரியும். அதனால்தான் பின்னாளில் நாற்காலி, கயிறு, மரக்கட்டை, பெல்ட் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் துணைக்கு வைத்து, வளையாத உடம்புக்காரர்களையும் ஆசனத்தில் நிறுத்தினார் என்று நான் நினைத்துக்கொள்வேன். பிறவியிலேயே ரப்பராக வளைகிறவர்களிடம் எனக்கு ஆசிரியர்களாக அவ்வளவு நம்பிக்கை கிடையாது. எங்கே வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது.

இதையெல்லாம் நான் ஈர விரிப்புகளுக்கு நடுவே நின்று பட்டறைக்காரரிடம் அளந்துகொண்டிருந்தபோது, அவர் நிமிர்வதற்கு ஒரு கையை முட்டியில் ஊன்றிக்கொள்வதைக் கவனித்தேன். வலி தொடை வழியாகக் காலுக்கு இறங்குகிறதா, கால் மரத்துப்போகிறதா என்று கேட்டேன். இல்லை, இடுப்போடு நின்றுவிடுகிறது என்றார். இறங்கியிருந்தால் முதலில் மருத்துவரிடம்தான் அனுப்பியிருப்பேன். அப்படிப்பட்டவர்களைக் குனியவைத்து யோகா ஆசிரியர்கள் சிலர் கெடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். பிறகு, காத்திருந்த லாரியின் பம்பரில் இரண்டு கையையும் ஊன்றச் சொன்னேன். காலைப் பின்னால் நகர்த்தி, முட்டியைக் கொஞ்சம் தளர்த்தி, இடுப்பைப் பின்னுக்கு இழுத்து, முதுகு நீள நிற்க வைத்தேன். அப்படியே மெதுவாக ஐந்து மூச்சு.

"இது யோகாவா? தலைகீழாக நிற்க வேண்டும் என்றல்லவா நினைத்திருந்தேன்" என்றார், பம்பரைப் பார்த்தபடியே. மேலே உட்கார்ந்திருந்த லாரி ஓட்டுநர் இறங்கி வந்து, தனக்கும் ஒருமுறை சொல்லித்தரச் சொன்னார். கிளீனர் பையன் சிரித்துக்கொண்டே நின்று, கடைசியில் அவனும் கை ஊன்றினான்.

வகுப்புக்கு வாருங்கள் என்று அழைத்துப் பார்த்தேன். காலை ஐந்தரைக்கு அவருக்கு லாரி வந்துவிடும், வர முடியாது. யோசித்துப் பார்த்தால் ஓட்டுநர்கள், கிளீனர்கள், கிரானைட் ஏற்றி இறக்குகிறவர்கள் யாருமே எங்கள் நேரத்துக்கு வர முடியாது. இடுப்பு அதிகம் தேய்கிறவர்களுக்கு நேரம் இல்லை. நேரம் இருக்கிறவர்களுக்கு நான் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே இதை எல்லோர் முன்னாலும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன், பிறகு பின்வாங்க முடியாது. தை பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் பட்டறைக் கொட்டகையிலேயே ஓட்டுநர்களுக்கும் பட்டறைப் பிள்ளைகளுக்கும் வகுப்பு நடக்கும். கட்டணம் கிடையாது. விரிப்பு தேவையில்லை, பம்பர், டயர், சுவர் போதும். நான் வர முடியாத நாளில், காவலர் தேர்வுக்கு ஓடிய அந்தப் பெண் எடுப்பாள். அவளுக்கு இன்னும் இதைச் சொல்லவில்லை. இங்கேயே படித்துக்கொள்ளட்டும்.

கடைசியாகச் சில தகவல்கள். விரிப்புகள் எல்லாம் மண்டபத்து மாடியில் இருக்கின்றன. ஒன்றின் ஓரத்தில் ஒரு சாண் உரிந்திருக்கும். அது என்னுடையதாக இருக்கட்டும், யாரும் கேட்க வேண்டாம். சிலவற்றில் பெயர் அழிந்துவிட்டது. அடையாளம் தெரிந்தவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஜமுக்காளங்களில் இன்னும் கொஞ்சம் சேற்று வாடை அடிக்கிறது, இரண்டு துவைப்பில் போய்விடும். மார்கழியில் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி நாலரைக்கே தொடங்கிவிடும் என்பதால் சவாசனத்தில் அமைதி எதிர்பார்க்காதீர்கள். வண்டிகளை மண்டபத்தின் பின்பக்கம் நிறுத்துங்கள்.

நன்றியுடன்,
உங்கள் யோகா டீச்சர்
ஊத்தங்கரை