சஸ்டெய்ன் என்பது நேரமல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பிதழில் மாட்யூலர் சிந்தசைசர் (தனித்தனி மாட்யூல்களை வயரால் இணைத்து ஒலி உண்டாக்கும் மின்னிசைக் கருவி) பற்றி வந்த கட்டுரை நன்று. தமிழில் இதையெல்லாம் எழுதுவதே அபூர்வம். ஆனால் ஒரு சுரம் எப்படி எழுந்து அடங்க வேண்டும் என்பதை ஏறி இறங்கும் மின்னழுத்தத்தால் சொல்லும் என்வலப் ஜெனரேட்டரைப் பற்றிய பத்தியில் ஒரு பிழை இருக்கிறது. அட்டாக், டிகே, சஸ்டெய்ன், ரிலீஸ் என்ற நான்கு குமிழ்களும் நேரத்தைக் கூட்டிக் குறைப்பவை என்கிறார் கட்டுரையாளர். மூன்றுதான் நேரம்: அட்டாக் உச்சிக்கு ஏறும் நேரம், டிகே அங்கிருந்து சஸ்டெய்னுக்கு இறங்கும் நேரம், ரிலீஸ் விசையை விட்ட பின் அடங்கும் நேரம். சஸ்டெய்ன் ஒரு மட்டம். விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மின்னழுத்தம் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. எவ்வளவு நேரம் நிற்கும் என்பது விரலின் கையில்.

இதைச் சொல்லாராய்ச்சி என்று தள்ளிவிட முடியாது. நீண்ட நேரம் ஒலிக்கட்டும் என்று நினைப்பவர் சஸ்டெய்னை வலப்பக்கம் முழுக்கத் திருப்பி வைப்பார். அதன்பின் டிகே குமிழை எப்படித் திருகினாலும் ஒலியில் மாற்றம் தெரியாது. உச்சிக்கு ஏறியது உச்சியிலேயே நிற்கிறது. இறங்க இடம் ஏது? குமிழ் பழுது என்று நினைத்து மாட்யூலைக் கழற்றத் தொடங்கிவிடுவார்.

சிந்தசைசர் தயாரித்த மூக் நிறுவனத்தின் பழைய 911 என்வலப் மாட்யூலில் இந்தக் குழப்பம் கிடையாது. 1965இல் கொலம்பியா-பிரின்ஸ்டன் மின்னிசை மையத்தின் விளாடிமிர் உசாசெவ்ஸ்கி கேட்டதையொட்டி ராபர்ட் மூக் உருவாக்கிய என்வலப் வழியில் வந்தது அது. முகப்பில் டி1, டி2, டி3, இ-சஸ் என்று எழுதியிருக்கும். ‘டி’ காலம், ‘இ’ மின்னழுத்தம். பின்னால் ஏஆர்பி என்ற இன்னொரு சிந்தசைசர் நிறுவனம் சுருக்கித் தந்த ஏடிஎஸ்ஆர் என்ற நான்கெழுத்துப் பெயர்தான் உலகம் முழுக்க நிலைத்தது. சொல்ல எளிது, ஆனால் அந்த வேறுபாடு அதில் மறைந்துபோனது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இப்படி இணைத்துப் பார்க்கலாம். அலையை உண்டாக்கும் ஆசிலேட்டரின் சா அலையை (ரம்பப் பல் வடிவ அலை) ஃபில்டருக்கும், ஃபில்டரை விசிஏ-வுக்கும் (மின்னழுத்தத்தால் ஒலியளவை மாற்றும் பெருக்கி), அங்கிருந்து ஸ்பீக்கருக்கும் கொடுங்கள். கீபோர்டின் கேட் (விசை அழுந்தியிருக்கும்வரை நீடிக்கும் மின்னழுத்தம்) என்வலப்புக்கு. என்வலப்பின் அவுட் விசிஏ-வின் சிவி (கட்டுப்பாட்டு மின்னழுத்த) ஜாக்குக்கு. விசிஏ-வில் கெயின் அல்லது பயாஸ் குமிழ் இருந்தால் அது பூஜ்யத்தில் இருக்கட்டும். சற்றே ஏறியிருந்தாலும் விசையை விட்ட பின்னும் ஒலி கசிந்துகொண்டே இருக்கும். பழி ரிலீஸ் மேல் விழும். இரண்டு கையும் குமிழில் இருக்க வேண்டுமென்றால் கீபோர்டை விட்டுவிட்டு, எல்எஃப்ஓ-வின் (மிக மெதுவாக அலையும் ஆசிலேட்டர்) சதுர அலையை அரை ஹெர்ட்ஸில் வைத்து கேட்டாகக் கொடுங்கள். ஒரு விநாடி அழுத்தம், ஒரு விநாடி விடுதல் என்று அது தானே ஓடும்.

வீணைத் தந்தியை மீட்டியது போல வேண்டுமா? அட்டாக் கிட்டத்தட்ட பூஜ்யம், டிகே 2 விநாடி, சஸ்டெய்ன் பூஜ்யம், ரிலீஸும் டிகே அளவுக்கே. ரிலீஸைக் குறைத்தால் விசையை விட்டதும் தந்தியைக் கையால் அமுக்கியது போல ஒலி செத்துவிடும். நாகசுரம் மாதிரி ஊதுகிற ஒலிக்கு அட்டாக் 50 மில்லி விநாடி, சஸ்டெய்ன் முக்கால் பங்குக்கு மேல், ரிலீஸ் 60 அல்லது 70. அந்த 50ஐ 5 ஆக்கிப் பாருங்கள், ஊதுகிற சாயலே போய்விடும்.

கிக் டிரம்முக்கு இரண்டு என்வலப் தேவை. 50 ஹெர்ட்ஸ் சைன் அலை. விசிஏ-வுக்குப் போகும் என்வலப்பில் டிகே 300 மில்லி விநாடி. இன்னொன்றில் டிகே 50 மில்லி விநாடி. அதை அட்டெனுவேட்டர் வழியாக 3 வோல்ட்டுக்குக் குறைத்து ஆசிலேட்டரின் சுருதி ஜாக்கில் செருகுங்கள். ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்பதால் சுருதி 400 ஹெர்ட்ஸில் தொடங்கி 50க்குச் சரியும். அந்தச் சரிவுதான் ‘தும்’ என்று கேட்கிறது. அட்டெனுவேட்டரை மறந்து 8 வோல்ட்டை அப்படியே கொடுத்தால் 12,800 ஹெர்ட்ஸிலிருந்து விழும். விண்வெளிப் படத் துப்பாக்கிதான் கேட்கும்.

ஒலியே வராவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது, உள்ளே வருவது கேட்டா, ட்ரிக்கரா என்று. தாளத் துடிப்பு தரும் கிளாக் மாட்யூல்கள் பெரும்பாலும் சில மில்லி விநாடி மட்டுமே நீடிக்கும் ட்ரிக்கரைத் தருகின்றன. அட்டாக் 300இல் இருந்தால் என்வலப் ஏறத் தொடங்கும்போதே ட்ரிக்கர் முடிந்து, உச்சியைத் தொடாமலே இறங்கிவிடும். அட்டாக்கைக் குறையுங்கள், அல்லது கேட் நீளத்தைக் கூட்டுங்கள். அட்டாக்கும் டிகேயும் மட்டுமுள்ள ஏடி வகை என்றால் சிக்கலில்லை. ஒரு முறை தட்டினால் முழுச் சுற்றையும் தானே முடித்துக்கொள்ளும். ஒரு விசையை விடாமல் அடுத்ததை அழுத்தும்போது இரண்டாவது சுரத்தில் அட்டாக் கேட்கவில்லையா? இடையில் கேட் இறங்கவில்லை என்று அர்த்தம். டோப்ஃபர் நிறுவனத்தின் ஏ-140 போன்ற என்வலப்களில் இதற்கென்றே, அட்டாக்கை மீண்டும் தொடங்கவைக்கும் ரீட்ரிக் ஜாக் உண்டு. கீபோர்டின் ட்ரிக்கரை அங்கே கொடுக்க வேண்டும். பழைய மூக் கருவிகளின் கதை வேறு. அவை நேர் மின்னழுத்தத்தை எதிர்பார்ப்பதில்லை. இணைப்பைத் தரையோடு சேர்த்தால்தான் விழித்துக்கொள்ளும். இன்றைய யூரோராக் வகை மாட்யூல்களின் கேட்டை அவற்றோடு சேர்க்க நடுவில் ஒரு மாற்றி வேண்டும்.

சுரம் தொடங்கும்போதும் முடியும்போதும் வரும் ‘டிக்’ என்ற சத்தம் பழுதல்ல. 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 20 மில்லி விநாடி. அதன் நடுவே வெட்டினால் ‘டிக்’ வரத்தான் செய்யும். அட்டாக் 3 முதல் 5, ரிலீஸ் 20 வைத்தால் பெரும்பாலும் அடங்கும். டிரம்முக்கு அது இருந்தால்தான் அழகு.

மாட்யூலர் இந்தியாவுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது என்ற கட்டுரையின் வரியும் சரியல்ல. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இலேயே அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் மூக் கருவியோடு ஒரு மின்னிசைக் கூடத்தை அமைத்துக் கொடுத்தார்.

இப்படிக்கு,
மின்னிசைக் கருவி பழுதுபார்க்கும் வாசகர்,
கோயம்புத்தூர்