பெயின்ட்டுக்கு எத்தனை கை?

தூத்துக்குடி,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டு உன் அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. மாத்ரித் பெயின்ட் கடைக்காரர் சுவருக்கு "தோஸ் மானோஸ்" வேண்டும் என்றாராம். நீ இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, "என்னிடமும் இரண்டுதான் இருக்கிறது" என்றாயாம். ஸ்பானிஷில் 'மானோ' என்றால் கைதான், ஆனால் அவர் சொன்னது இரண்டு கோட்டு. "ரெண்டு கோட்டு அடிச்சாத்தான் சார் நிக்கும்" என்று நம் பெயின்டர் சொல்வாரே, அதேதான்.

அகராதியில் 'மானோ'வுக்குப் பத்தி பத்தியாகப் பொருள் இருக்கிறது, எப்படி மனப்பாடம் செய்வது என்று கேட்டாய். செய்யாதே. கப்பலில் இருந்த காலத்தில் என்னிடம் அகராதியே கிடையாது. ஒவ்வொரு துறைமுகத்திலும் அந்தச் சொல் எந்தப் பொருளோடு காதில் விழுந்ததோ, அந்தப் பொருளோடு சேர்த்துத்தான் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு அது முதலில் வாழைக்காயாகத்தான் வந்தது. எக்வடோரில் புவெர்த்தோ பொலீவார் துறைமுகம். பச்சைக் காய்ப் பெட்டிகளை ஏற்றி, 13 டிகிரி குளிரில் வைத்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோவோம். அதற்குக் கீழே குளிர்ந்தால் தோல் கறுத்துவிடும். சுமை ஏற்றுகிற ஒருவர் எங்கள் சமையல்காரரிடம் ஒரு சீப்புப் பழத்தை நீட்டி "ஊனா மானோ" என்றார். கை குலுக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நானும் கையை நீட்டினேன். ஆக, இந்த விஷயத்தில் நீ என் மகள்தான். நமக்கு அது தலை வாரும் சீப்பு, அவர்களுக்குக் கை; ஒவ்வொரு பழமும் 'தேதோ', விரல். யோசித்துப் பார், அவர்கள் சொல்வதும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் மெக்சிகோ. வெராக்ரூஸில் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. ஒரு பாட்டி முழங்காலிட்டு, மூன்று கால் வைத்த கல்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். கிட்டத்தட்ட நம் அம்மிதான், பெயர் 'மெத்தாத்தே'. மேலே உருட்டுகிற கல்லின் பெயரைக் கேட்டேன். "மானோ" என்றார். கூடவே இன்னொரு பெயரும் சொன்னார்: மெத்லபீல். அது மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாத்திலிலிருந்து வந்த சொல், 'அம்மியின் பிள்ளை' என்று பொருள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நாம் அதைக் குழவி என்கிறோம். குழவி என்றால் குழந்தை! ஒரு தொடர்பும் இல்லாத இரண்டு ஊர்களில், அம்மியின் மடியில் கிடக்கும் கல் பிள்ளையாகத் தெரிந்திருக்கிறது. இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், யாரும் என் அளவுக்கு வியந்ததில்லை. நீயாவது வியந்துவிடு.

அதே மெக்சிகோவில் 'மானோ' என்று ஆளையே கூப்பிடவும் செய்வார்கள். அது 'எர்மானோ'வின் வால், சகோதரன். உன்னை என்றால் 'மானா'. கைக்கும் அதற்கும் உறவில்லை. ஓவில் முடியும் சொற்கள் பெரும்பாலும் ஆண்பால், ஆனாலும் கை பெண்பால், 'லா மானோ'. லத்தீனிலேயே அது பெண்பால்தான், அதை ஒன்றும் கேட்காதே.

வழி கேட்கும்போது உனக்குச் சிரமமே இராது. "ஆ மானோ தெரேச்சா" என்றால் அப்படியே நம் 'வலது கைப் பக்கம்'. ஒரு மருந்து உடனே கேட்டால் 'மானோ தே சாந்தோ', புனிதர் கை. நாம் கைராசி என்கிறோம். சமையலில் 'நல்ல மானோ' உள்ளவர் என்றால் கைப்பக்குவம் உள்ளவர்.

தமிழை நம்பி ஏமாறும் இடங்களும் உண்டு. உன் மேலதிகாரி உனக்கு 'மானோ இஸ்கியெர்தா', அதாவது இடது கை, இருக்கிறது என்று சொன்னால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே. ஆட்களைச் சாமர்த்தியமாக, நயமாகக் கையாளுகிறாய் என்று பாராட்டுகிறார். இடது கையால் வாங்காதே என்று உன்னை அடித்து வளர்த்த வீட்டில் இது ஏறுவது கஷ்டம்தான். ரிப்பேர் பில்லில் 'மானோ தே ஓப்ரா' என்று ஒரு வரி இருக்கும், வேலைக்கூலி. கை, கூலி இரண்டையும் சேர்த்து நம் 'கைக்கூலி' ஆக்கிவிடாதே, அது லஞ்சம். கடிகார முள்ளை 'அகூஹா', ஊசி என்றும் சொல்வார்கள். நம் முள்ளுக்கு அது பக்கத்து வீடு.

உன் அலுவலகத்தில் ரியல் மாத்ரித் ரசிகர்கள் இருந்தால் 'மானீத்தா' என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்காதே. சின்னக் கை என்றுதான் பொருள், ஆனால் கால்பந்தில் ஐந்து கோல். 2010 நவம்பர் 29 அன்று பார்சிலோனா 5-0 என்று ஜெயித்தபோது அந்த அணியின் பீக்கே ஐந்து விரலையும் விரித்துக் காட்டியதை அங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சுவர் வேலைக்கு யாரையாவது துணைக்குக் கூப்பிடு. 'எச்சார் ஊனா மானோ', ஒரு கை கொடுக்கச் சொல், தயங்காமல் வருவார்கள். முதல் மானோ நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவதை அடி. உனக்கு அவசரம் அதிகம். ஜன்னலைத் திறந்து வை. முடிந்ததும் போட்டோ அனுப்பு, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா