செபம் வரவில்லை என்று எழுதிய தோழிக்கு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். உன் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன் மாதிரி இருந்தவர், தவறிய பிறகு அந்த வீட்டில் நீ தனியாக இருந்திருக்க முடியாது. மகள் பக்கத்தில் குடிபோனது நல்லதுதான். பேரப்பிள்ளைகளைப் பற்றி எழுதியதையெல்லாம் சந்தோஷமாகப் படித்தேன். ஆனால் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் சொல்வதுபோல எழுதியிருக்கிறாயே: "செபம் வரவில்லை, வாய் மட்டும் அசைகிறது. இங்கே கோயிலில் என்னை யாருக்கும் தெரியாது. அதனால் ஞாயிறு பூசையை டிவியிலேயே பார்த்துக்கொள்கிறேன்." அதற்குத்தான் இந்தப் பதில். மற்ற சேதியெல்லாம் நடுநடுவே வரும்.

உன்னை அங்கே யாருக்கும் தெரியாது என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் நீ அந்தப் பங்கின், அந்தக் கோயில் சமூகத்தின், ஆளே இல்லை என்பதுபோல எழுதியிருப்பதை நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஓர் இடத்தில் நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு குடிவந்துவிட்டால், அன்றைக்கே அந்த இடத்துப் பங்கு உன் பங்கு; அங்கிருக்கும் பங்குத்தந்தை உன் பங்குத்தந்தை. பதிவேட்டில் பெயர் ஏறுவதெல்லாம் அப்புறம். அதே சட்டம் அவருக்கு ஒரு கடமையையும் வைத்திருக்கிறது. ஞாயிறுதோறும், கட்டாயம் பூசை காணவேண்டிய கடன் திருநாள்தோறும், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட மக்களுக்காக அவர் ஒரு திருப்பலி ஒப்புக்கொடுத்தே ஆக வேண்டும். அதற்கு யாரும் காணிக்கை கொடுக்க வேண்டாம், கருத்து எழுதிக் கொடுக்க வேண்டாம். எங்கள் பங்குச் சாமி இதை ஒருநாள் மறையுரையில் சொன்னபோது கோயிலில் பாதிப் பேருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. நீ டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அந்த ஞாயிறுகளில், உன் முகம்கூடத் தெரியாத ஒருவர் உனக்காகவும் பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

சாமி என்றதும் ஞாபகம் வருகிறது, இங்கே சாமி மாறிவிட்டார். இப்போது வந்திருப்பவர் இளையவர். நன்றாகப் பாடுகிறார், நோயாளிகளை மறக்காமல் விசாரிக்கிறார். மறையுரைதான் கொஞ்சம் நீளம். 2024-ல் திருத்தந்தை பிரான்சிஸ், மறையுரை 8 நிமிடத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினால் மக்கள் தூங்கிவிடுவார்கள் என்று சொன்னார் அல்லவா, அதைப் பங்குப் பேரவையில் ஒருவர் அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். அவரும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார்.

அப்புறம், பாடகர் குழுவில் ஒரு சண்டை. பெரியவர்கள் குழுவுக்கும் இளையோர் குழுவுக்கும் எந்தப் பூசையில் யார் பாடுவது என்று தகராறு வந்து, இரண்டு குழுத் தலைவர்களும் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். போன மாதம் ஒரு ஞாயிறு இரண்டு குழுவும் சேர்ந்து பாடவேண்டி வந்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். சாமி, "ஒருவருக்கொருவர் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்வோம்" என்றார். இருவரும் திரும்பி, முகத்தைச் சரியாகப் பார்க்காமலேயே கைகூப்பினார்கள். அவ்வளவுதான். சண்டை இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் எனக்கு அந்தக் கைகூப்பல் பெரிதாகப் பட்டது. மனது வரட்டும், பிறகு சமாதானம் சொல்கிறேன் என்று அவர்கள் காத்திருந்தால் அது என்றைக்கு நடந்திருக்கும்? திருப்பலி அவர்களை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது, கை குவிந்தது, மனது மெதுவாக வரும்.

அந்தச் சமாதானத்துக்குச் சற்று முன்னால் குருவானவர் சொல்லும் செபத்தை நாம் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறோம். எங்கள் பாவங்களைப் பாராமல் உமது திருச்சபையின் நம்பிக்கையைக் கண்ணோக்கும் என்று ஆண்டவரிடம் கேட்கிறார். உன் கடிதத்துக்குப் பிறகு அந்தச் செபத்தைக் கேட்டபோது எனக்கு உன் நினைப்பு வந்தது. என் நம்பிக்கையைப் பாரும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு என்னிடம் எவ்வளவு இருக்கிறது, உன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் அளந்து பார்க்கவும் இல்லை. கூடியிருப்பவர்கள், கூட முடியாதவர்கள், நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவர்கள், எல்லாருடைய நம்பிக்கையையும் சேர்த்துக் காட்டி, இதைப் பாரும் என்கிறோம். மாற்கு நற்செய்தியில் முடக்குவாதக்காரரை நான்கு பேர் தூக்கி வருகிறார்கள், கூட்டத்தில் வழி கிடைக்காமல் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு 'அவர்களுடைய' நம்பிக்கையைக் கண்டுதான் அவரிடம் பேசுகிறார். படுக்கையில் கிடந்தவர் அதுவரை வாய் திறந்ததாகவே அங்கே எழுதப்படவில்லை. இப்போது நீ அந்தப் படுக்கையில் இருக்கிறாய். எத்தனையோ வருஷம் நீ தூக்கியிருக்கிறாய்; உன்னைத் தூக்க இப்போது ஆள் இருக்கிறது.

செபம் வராதது ஏதோ உனக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்றும் நினைக்காதே. குழந்தை இயேசுவின் புனித தெரசா, 24 வயதில் இறந்துபோன கார்மேல் சபைக் கன்னியர், இன்று திருச்சபையின் மறைவல்லுநர். அவர் தன் வரலாற்றில் வெட்கத்தோடு ஒன்றை எழுதியிருக்கிறார். தனியாகச் செபமாலை சொல்வது அவருக்குத் தவ முயற்சிகளைவிடக் கடினமாக இருந்ததாம். எவ்வளவு முயன்றாலும் மனது ஒரு நிலைக்கு வரவில்லையாம். ஆனால் எல்லாரும் கூடிச் சொல்லும் செபம் அவருக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் தன்னிடம் இல்லாத உருக்கத்தை மற்றச் சகோதரிகளின் உருக்கம் ஈடுசெய்வதாக அவர் உணர்ந்தார். இது அவர் நலமாக இருந்த நாளைய குறிப்பு அல்ல. 1896 உயிர்ப்புக் காலத்திலிருந்து 1897-ல் சாகும்வரை விண்ணகம் என்று ஒன்று இருக்கிறதா என்றே தெரியாத இருட்டில் அவர் கிடந்தார். அந்த இருட்டுக்குள்ளிருந்து எழுதியது.

இன்னொன்று. குருக்களும் துறவியரும் சொல்லும் திருப்புகழ்மாலையில், வெள்ளிக்கிழமை இரவு செபத்துக்கு 88-ஆம் திருப்பாடல் வைக்கப்பட்டிருக்கிறது. எடுத்து வாசித்துப் பார். மற்றப் புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது புகழ்ச்சிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. அன்பரையும் தோழரையும் என்னிடமிருந்து அகற்றிவிட்டீர், இனி இருள்தான் எனக்குத் துணை என்று சொல்லி அப்படியே நின்றுவிடும். அன்றைக்கு மகிழ்ச்சியாக இருப்பவரும் இதைச் சொல்லித்தான் தூங்கப் போகவேண்டும். எனக்கு இது முன்பெல்லாம் விசித்திரமாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. எங்கோ ஒரு விதவை, எங்கோ ஒரு நோயாளி, வார்த்தை வராமல் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வார்த்தையை உலகம் முழுக்க உள்ளவர்கள் அவருக்குப் பதிலாக ஆண்டவரிடம் எடுத்துச் சொல்கிறார்கள். வருகிற வெள்ளி இரவு அது உன்னுடைய செபம் என்று வைத்துக்கொள்.

நான் நற்கருணைப் பணியாளராக இருப்பதைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் நோயாளிகளின் வீட்டுக்குப் போகிறேன். 1973-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில் குருக்கள் அல்லாத பொதுநிலையினருக்கு நற்கருணை கொடுக்கும் இந்த அனுமதி வந்தது. அது இல்லாவிட்டால் எங்கள் பங்கில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வாராவாரம் நற்கருணை கிடைக்க வழியில்லை. ஒரே சாமியால் எத்தனை வீட்டுக்குத்தான் போகமுடியும்? நற்கருணை வைத்த சிறு வட்டப் பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நேராகப் போய்விடுவேன், வழியில் யாரோடும் நின்று பேசுவதில்லை. அதைப் பழக்கப்படுத்திக்கொள்வதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது, நான் பேசாமல் நடப்பவளா?

அந்த வீடுகளில் ஒன்றில் ஒரு பெரியம்மா. தொண்ணூறைத் தாண்டியவர், இடுப்பு முறிந்து படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. இப்போது விழுங்கவும் முடியவில்லை. அப்பத்தில் நகக்கண் அளவு பிட்டு, ஒரு கரண்டித் தண்ணீரோடு வாயில் வைப்பேன். எத்தனை சிறிய துண்டிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்று திரிதெந்து பொதுச்சங்கம் 1551-ல் சொன்னதை மறைக்கல்வி வகுப்பில் நாம் கேள்வி பதிலாக ஒப்பித்தோம். அந்தக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, தொண்டை அசைகிறதா என்று பார்த்திருக்கும்போதுதான் அது எப்பேர்ப்பட்ட ஆறுதல் என்று தெரிகிறது.

விழுங்கி முடித்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருப்பார். பிறகு கேள்வி ஆரம்பமாகும். யாருக்குக் கல்யாண ஓலை வாசித்தார்கள்? யார் இறந்தது, அடக்கத்துக்குக் கூட்டம் வந்ததா? பொது மன்றாட்டில் என்ன கேட்டீர்கள்? புதிதாக வந்த பீடச்சிறுவன் மணியைச் சரியான நேரத்தில் அடித்தானா? ஒவ்வொன்றுக்கும் "சரி" என்று தலையசைப்பார். அந்த வாரம் முழுக்க அதெல்லாம் அவருடைய செபமாலைக்குள் போய்விடும், மாலையின் ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் ஒரு கருத்தாக. அறிவிப்பு வாசிக்கும்போது கைப்பையைத் தேடிக்கொண்டிருந்த நான், இப்போது ஒரு பெயரையும் விடாமல் கேட்டுக்கொள்கிறேன், போய்ச் சொல்லவேண்டுமே. பங்கில் எந்தச் சபையிலும் அவர் பெயர் இப்போது இல்லை. ஆனால் எங்கள் பங்கு எதன்மேல் நிற்கிறது என்று யாராவது கேட்டால் நான் அந்தக் கட்டிலைத்தான் காட்டுவேன்.

நீ கோபித்துக்கொள்ளமாட்டாய் என்ற தைரியத்தில், பெயர் சொல்லாமல் உன் விஷயத்தையும் அவரிடம் சொன்னேன். என் தோழி ஒருத்திக்கு வீட்டுக்காரர் தவறிவிட்டார், அவளுக்குச் செபம் வரவில்லையாம் பெரியம்மா என்றேன். "அதனாலென்ன, அவளுக்குப் பதிலாக நான் சொல்கிறேன். அவளைக் கோயிலுக்குப் போய் உட்காரச் சொல்" என்றார். எனக்குத் தெரிந்து எந்தப் பெரிய மறையுரையும் இதைவிட நேராகச் சொன்னதில்லை.

டிவி பூசையைக் குறை சொல்லவில்லை. அந்தப் பெரியம்மாவுக்கு அது பெரிய வரம். 2020-ல் கோயில் கதவெல்லாம் மூடியிருந்தபோது நாமும், நற்கருணை வாங்க முடியாதபோது சொல்லும் ஆன்மிக நற்கருணை செபத்தைச் சொல்லிக்கொண்டு அப்படித்தானே இருந்தோம். ஆனால் உனக்குக் கால் நன்றாக இருக்கிறது. டிவி முன்னால் நீ பாட்டைப் பாதியில் நிறுத்தினால் பக்கத்தில் அதை எடுத்துப் பாட ஆள் கிடையாது. கோயிலில் உனக்குத் தொண்டை அடைத்தாலும் பாட்டு நிற்காது. உனக்குப் பின்வரிசையில் யாரோ ஒருவர் உன்னைவிட மோசமான நிலையில் வந்து உட்கார்ந்திருக்கவும் கூடும். அவருக்கு உன் அசைகிற வாய்கூட உதவும்.

சரி, என்ன செய்வது? ஞாயிறு கூட்டத்தைப் பார்த்து மலைப்பாக இருந்தால் வாரநாள் பூசையில் தொடங்கு. ஆள் குறைவு, பாட்டு அதிகம் இருக்காது, தினம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் தானாக யாராவது விசாரிப்பார்கள். பிறகு பங்குத்தந்தையிடம் போய், புதிதாக வந்திருக்கிறேன், வீட்டுக்காரரை இழந்தவள் என்று சொல். கூச்சப்படாதே. குடும்பங்களைச் சந்திப்பதும், துயரப்படுகிறவர்களையும் தனிமையில் இருப்பவர்களையும் தேடிப்போவதும் அவருடைய கடமை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. நீ சொன்னால்தானே அவருக்குத் தெரியும். அங்கே அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியம் இருந்தால் எந்த நாள் கூடுகிறார்கள் என்று கேள்.

வின்சென்ட் தே பால் சபை அங்கே இருக்கிறதா என்றும் விசாரி. 1833-ல் பாரிசில் அதைத் தொடங்கியபோது ஃபிரெடெரிக் ஓசானாம் 20 வயது மாணவர். உங்கள் மதம் இப்போது என்ன செய்கிறது என்று எதிராளிகள் கேட்ட கேள்விக்கு விவாதத்தில் பதில் சொல்லிக்கொண்டிருக்காமல், நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ஏழைகளின் வீட்டுக்குப் போனார். வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசுவது உனக்குக் கைவந்த வேலை. செபம் திரும்பி வருகிறவரைக்கும் கையாவது செபிக்கட்டும்.

அண்ணன் பெயரில் இங்கே பூசைக்குக் கொடுத்திருக்கிறேன். நாள் குறித்துச் சாமி சொன்னதும் எழுதுகிறேன். அன்றைக்கு அதே நேரம் நீயும் உன் கோயிலில் பூசைக்குப் போய்விடு. எந்தத் திருப்பலியிலும் இறந்தோரை நினைவுகூராமல் நற்கருணை மன்றாட்டு முடிவதில்லை, அதனால் இரண்டு இடத்திலும் அவர் பெயர் போய்ச் சேரும். பெரியம்மாவிடமும் அந்த நாளைச் சொல்லிவைக்கிறேன்.

வாரநாள் பூசை அங்கே எத்தனை மணிக்கு என்று விசாரித்து உடனே எழுது.

அன்புடன்,
உன் தோழி